பழைய ஃபோர் வீல் வாங்கப் போகும் மலைத்தோட்டக்காரர்களுக்கு



போடியிலும் கம்பத்திலும் வீடு, இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் என்று இரண்டு மாநிலங்களுக்கு இடையே வாழ்பவர்கள், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பியும் மலைவாழையும் வைத்திருப்பவர்கள், கொல்லிமலையில் மிளகு பறிப்பவர்கள், கோத்தகிரிச் சரிவில் ஓரிரண்டு ஏக்கர் தேயிலையோடு நிற்பவர்கள் எல்லோருக்குமாக எழுதப்படும் மடல் இது. தார் ரோடு முடிகிற இடத்தில்தான் உங்கள் தோட்டம் தொடங்குகிறது. மழைக்காலத்தில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்காவிட்டால் உரமூட்டை மேலே ஏறாது. காய்ச்சலில் கிடக்கும் ஆளைக் கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வழியிருக்காது.

புது வண்டியின் விலை சிறு தோட்டக்காரருக்கு எட்டுவதில்லை. ஆகவே பழையதைத் தேடுகிறீர்கள். தேடத் தொடங்கியதும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஓனரிடமே நேராகப் போய் வாங்கலாம். இல்லையென்றால் ஆட்டோ கன்சல்டிங் கடையிலோ, கம்பெனி ஷோரூம்கள் நடத்தும் பழைய வண்டிப் பிரிவிலோ வாங்கலாம். ஓனரிடம் மலிவு, கடையில் பாதுகாப்பு என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்லும் பதில். அதில் பாதிதான் உண்மை. கடையில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஒரு பொறுப்புக்கான விலை. அந்தப் பொறுப்பு காகிதத்தில் ஏறாவிட்டால், ஓனரிடம் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும் நிலைமை ஒன்றேதான்.

முதலில் வண்டியைப் பற்றி. ஃபோர் வீல் என்று சந்தைக்கு வருபவை எல்லாம் ஃபோர் வீல் இல்லை. மஹிந்திரா தார் 2010-ல் வந்தது, புது உருவில் 2020-ல் வந்தது. அந்தப் புதுத் தாரிலேயே பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலை 2023 ஜனவரியில் கம்பெனி இறக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆர்.சி.யில் எஞ்சின் கொள்ளளவைப் பாருங்கள். டீசல் தாரில் 1497 சி.சி. என்று இருந்தால் அது பின் சக்கர வண்டி. ஃபோர் வீல் டீசலில் 2184 சி.சி. எஞ்சின் இருக்கும். கியர் தண்டின் பக்கத்தில் இன்னொரு சிறு தண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் பெட்ரோல் வண்டி எதுவும் ஃபோர் வீல் கிடையாது. ஃபார்ச்சூனரிலும் அப்படித்தான், நம் நாட்டில் விற்கும் பெட்ரோல் வண்டி டூ வீல், டீசலில் மட்டுமே இரண்டு வகையும் உண்டு. ஸ்கார்ப்பியோ, சஃபாரி ஸ்டார்ம் போன்றவற்றில் டூ வீல்தான் பெரும்பான்மை. பழைய கமாண்டர், மேஜர் ஜீப்புகளும் பெயர் ஒன்று, இழுவை இரண்டு என்றே ஓடின. சந்தேகமே வேண்டாத பெயர்கள் சிலவே: 1985 முதல் 2019 வரை விற்ற மாருதி ஜிப்ஸி, 2023-ல் வந்த ஜிம்னி. இந்த இரண்டிலும் லோ கியரோடு நாலு சக்கர இழுவை வண்டியோடு பிறந்தது.

இந்த விவரம் சட்டத்துக்கும் முக்கியம். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15-வது பிரிவு, ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. விற்பவர் கடைக்காரரா, பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்ற பேதம் இதில் இல்லை. ஆகவே ஒப்பந்தக் காகிதத்தில் ‘வண்டி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘நாலு சக்கர இழுவையும் லோ கியரும் வேலை செய்யும் நிலையில் உள்ள வண்டி’ என்று எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி இருந்தால், முன் அச்சு வெறும் கூடாகத் தொங்குகிறது என்று பிறகு தெரியவந்தாலும் பேச ஒரு பிடி இருக்கும்.

அடுத்த பிரிவான 16-ல்தான் கடைக்கும் ஓனருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இருக்கிறது. வாங்கிய பொருளின் தரத்துக்கு விற்றவர் பொறுப்பில்லை என்பதே பொது விதி. அதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. எந்த வேலைக்காக வாங்குகிறேன் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்தப் பொருளை விற்பதே விற்பவரின் தொழிலாகவும் இருந்தால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தொழிலாக விற்பவர் என்ற இந்த நிபந்தனையால் தனியார் ஓனர் இந்தப் பிரிவுக்கு வெளியே போய்விடுகிறார். தன் ஜீப்பை விற்கும் பள்ளி ஆசிரியர் வண்டி வியாபாரி இல்லை. கன்சல்டிங் கடைக்காரர் வண்டி வியாபாரி.

இதே பிரிவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லியே வாங்கினால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். கடைக்குள் நுழைந்ததும் ‘எனக்கு ஒரு தார் வேணும்’ என்று கேட்பது நம் பழக்கம். அதைவிட, ‘பண்ணைக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் மண்பாதை, மழையில் சுமையோடு ஏற வேண்டும், அதற்கு ஏற்ற வண்டி கொடுங்கள்’ என்று கேளுங்கள். பேச்சோடு விடாமல் அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். வண்டி அடுத்த மழையில் பாதி ஏற்றத்தில் நின்றுபோனால் அந்தச் செய்தி ஒரு சான்று.

கடையில் வாங்கியவருக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது, அது நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டியைக் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும் தேனியிலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ‘இவர் தோட்டத் தொழிலுக்காக வாங்கினார், நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியதை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று சட்டமே விளக்கியிருப்பதை அப்போது நினைவில் வையுங்கள். தனியார் ஓனரிடம் வாங்கியவருக்கு இந்தக் கதவு இல்லை. அவருக்கு இருப்பது உரிமையியல் நீதிமன்றம், ஏமாற்று நடந்திருந்தால் காவல் நிலையம். இரண்டிலும் எவ்வளவு காலம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் கடையிலேயே வாங்கிவிடலாமா? எந்தக் கடை என்று முதலில் கேட்க வேண்டும்.

பழைய வண்டி வியாபாரிகளுக்கான மத்திய மோட்டார் வாகன விதிகள் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி வியாபாரி போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்து ஆண்டு செல்லும். ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததும் இருவரும் சேர்ந்து அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு அந்த வண்டிக்கு வியாபாரிதான் ஓனர் என்று சட்டம் கருதும். பெயர் மாற்றம், தகுதிச் சான்று (எஃப்.சி.), தடையின்மைச் சான்று ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். கையிலிருக்கும் வண்டி எங்கே, எதற்காக ஓடியது என்று பதிவேடும் வைக்க வேண்டும். ஆகவே கடைக்குள் போனதும் கேட்க வேண்டிய முதல் காகிதம் இந்த அங்கீகாரச் சான்று. அதைக் காட்ட முடியாத கடைக்காரர், வண்டி வேறொருவர் பெயரில் இருக்க, நடுவில் நின்று கமிஷன் வாங்குபவர் மட்டுமே. நாளை வழக்கு என்று வந்தால் ‘நான் அறிமுகம்தான் செய்து வைத்தேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கடைக்கான கூடுதல் விலையை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

பில் கேளுங்கள். கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், சேஸ் எண், எஞ்சின் எண், கிலோமீட்டர், முழு விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். சில இடங்களில் ‘பில் போட்டால் 18 விழுக்காடு வரி சேரும்’ என்று பயமுறுத்துவார்கள். பழைய வண்டியில் ஜி.எஸ்.டி. முழு விலைக்கும் கிடையாது; வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான். கடைக்காரர் எட்டு லட்சத்துக்கு வாங்கி ஒன்பது லட்சத்துக்கு விற்றால் வித்தியாசம் ஒரு லட்சம், அதன்மேல் வரி 18,000 ரூபாய் அளவில் நிற்கும். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்துக்குப் பிறகு எல்லா வகைப் பழைய கார்களுக்கும் இதே 18 விழுக்காடுதான். பதிவு பெறாத தனிமனிதர் இன்னொருவருக்கு விற்றால் இந்த வரியே இல்லை. இந்தப் பயமுறுத்தலைக் கேட்டுப் பில் இல்லாமல் வாங்குகிறவர், கடைவிலையைக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வாங்கியவருக்குள்ள பலவீனத்தோடு வீடு திரும்புகிறார்.

வாரன்டி காகிதத்தையும் உட்கார்ந்து படியுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் அதில் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், முன் ஆக்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மண்பாதையில் ஓட்டினால் வாரன்டி செல்லாது என்று ஒரு வரி உள்ளே இருந்தால், உங்கள் பாதைக்கு அந்தக் காகிதத்தால் பயனில்லை. அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இனி ஓனர் பக்கம். ஓனரிடம் கிடைக்கும் பெரிய லாபம் விலையைவிட வரலாறு. வண்டி எந்தப் பாதையில் ஓடியது, யார் ஓட்டினார், எந்தப் பட்டறையில் நின்றது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பல நேரம் அவருக்கே தெரியாது. ஓனரின் வீட்டு முற்றத்தில் நின்றால் பாதி தெரிந்துவிடும். மலையில் இருபது ஆண்டாக ஜீப்புக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம் வண்டி எண்ணைச் சொன்னால் மீதியும் தெரியும். உங்கள் மலையிலேயே ஓடிய வண்டியை, உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் வேலை பார்த்த வண்டியை, ஓனரிடமிருந்து வாங்குவதற்கு ஈடாக எந்த வாரன்டியும் இல்லை. இதை உறுதியாகவே சொல்லலாம்.

ஆனால் எதிரில் நிற்பவர் உண்மையில் ஓனர்தானா? ஓனர் வண்டி என்று விளம்பரம் செய்து, தெருமுனையில் வண்டியைக் காட்டி, ‘மச்சான் வண்டி, அவர் சவூதியில் இருக்கிறார்’ என்று சொல்பவர்கள் புரோக்கர்கள். ஆர்.சி.யில் உள்ள பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவை உண்டா என்பதெல்லாம் தெரியும். ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் இருந்தால், கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. ‘கடன் முடிந்துவிட்டது, எச்.பி. கேன்சல் பண்ணவில்லை, அவ்வளவுதான்’ என்ற வாய்வார்த்தை போதாது. ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கடன் தீர்ந்த கடிதமும் கையில் வந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறி ரொக்கம் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. ஓனர் ரொக்கம் கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் பதிவாகும் ஒரு வரி, வெள்ளைத்தாள் ரசீதைவிட வலுவான சான்று.

ஓப்பன் ஃபார்ம் என்ற பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் விற்பவர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கொடுத்துவிடுவார். புரோக்கர் அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கை மாற்றுவார். ஒவ்வொரு கையிலும் பெயர் மாற்றச் செலவு மிச்சம். மலையில் ஓடும் ஜீப்புகளில் ஆர்.சி.யில் உள்ள ஓனரைக் கண்ணாலும் பார்த்திராத வண்டிகள் இருக்கின்றன. இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு இருக்கிறது. கார் 2007-ல் விற்கப்பட்டு அடுத்தடுத்த கைகளுக்குப் போனது. பதிவில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி ஒரு சிறுவன் இறந்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், நட்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. விபத்துக்கு ஈராண்டு முன்பே காரை விற்றுப் பணமும் வாங்கிவிட்டவர்தான் அந்த ஓனர்.

வாங்குபவருக்கும் இதில் இழப்பு உண்டு. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாவிட்டால் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும் சட்டப்படி வண்டியோடு வரும். சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் வண்டி உருண்டால், பாலிசி பழைய ஓனர் பெயரிலும் நசுங்கிய வண்டி உங்கள் முற்றத்திலுமாகக் கிடக்கும். பழைய ஓனர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அதைக் கணக்கில் வைத்துத்தான் பிரீமியத்தைப் பார்க்க வேண்டும்.

வெளிமாநில வண்டிகள் அடுத்த சங்கதி. டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. அங்கே ஓட்ட முடியாமல் போன ஃபார்ச்சூனர், எண்டவர், பஜேரோ வண்டிகள் விலை சரிந்து தெற்கே இறங்கின. 2025-ல் நீதிமன்றம் கெடுபிடியைத் தளர்த்திய பின்னும் அந்தச் சரக்கு கடைகளில் நிற்கிறது. பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். படிவம் 28-ல் தடையின்மைச் சான்று, இங்கே புதிதாகச் சாலை வரி, புதுப் பதிவு எண் என்று செலவு வரிசையாக வரும். சான்று உண்மையா என்று வழங்கிய அலுவலகத்திலேயே உறுதிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியை நல்ல விலை கொடுத்து, நல்ல மனதோடு வாங்கினாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது, தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது என்பதே சட்டம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ தேடலில் வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

எண்டவரும் பஜேரோவும் நம் மண்ணில் உருவானவை. ஒன்று மறைமலை நகரில், மற்றது திருவள்ளூரில். ஆனால் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, மிட்சுபிஷி கார்களும் இங்கே விற்பனையில் இல்லை. வண்டி நல்ல வண்டிதான். மழைக்காலத்தில் ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருக்க முடியுமா என்று யோசித்துவிட்டு விலை பேசுங்கள்.

இடுக்கி வண்டிகளுக்கும் இதே விதிதான். கே.எல். 06 என்று ஆரம்பிக்கும் எண்ணோடு வாங்கிய ஜீப்பைத் தேனியில் ஓராண்டுக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே புது எண் வாங்க வேண்டும். தோட்டம் அந்தப் பக்கம்தானே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். செக்போஸ்ட்டில் மாட்டும்போதுதான் நினைவு வருகிறது.

பழைய ஜீப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. அதன்மேல் பசுமை வரியும் உண்டு. பெரிய சிக்கல் எஞ்சினில் இருக்கிறது. ஐம்பது வயதான வில்லிஸ் உடம்பில் டி.ஐ. எஞ்சின், டூ வீல் ஜீப்பில் காயலான் கடையிலிருந்து எடுத்து மாட்டிய முன் ஆக்ஸில் என்று மலையில் பல வண்டிகள் ஓடுகின்றன. வேலை சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சின் மேல் பொறித்த எண்ணும் வேறாக இருந்தால் எஃப்.சி. கிடைக்காது, இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். தயாரித்த கம்பெனியின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. எண்களை ஒரு துணியால் துடைத்து, டார்ச் அடித்து, நீங்களே படித்துப் பாருங்கள்.

பார்க்கும் முறைக்கு வருவோம். சேஸின் அடியில் படுத்துப் பாருங்கள். மலை வண்டியின் வயிற்றில் கீறல் இருப்பது சகஜம். வெல்டிங் தழும்பு, வளைந்த சட்டம், புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் மூன்றும் சகஜமில்லை. முன் கிரவுன், பின் கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயில் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நாலு டயரும் ஒரே அளவா என்று கவனியுங்கள். அளவு மாறிய டயரோடு ஃபோர் வீலில் ஓடிய வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்திருக்கும். ஃபோர் வீலைப் போட்டுப் பார்ப்பது தார் ரோட்டில் கூடாது. காய்ந்த ரோட்டில் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும், நல்ல வண்டியும் கெட்டுவிடும். சரளையோ புழுதியோ உள்ள இடத்தில் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு, உங்கள் மெக்கானிக்கைப் பக்கத்தில் நடக்கவிட்டு, முன் சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத லோ கியர் தண்டு அசையாமல் இறுகிப்போயிருக்கும். அந்த வண்டியில் ஃபோர் வீல் இருந்தது, இப்போது இல்லை.

தன் கடைமுன் ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொல்கிற வியாபாரியிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத ஓனரிடமிருந்தும்தான். நன்றாகச் சோதிப்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு: வாங்குபவர் பார்த்துச் சோதித்த பொருளில், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு குறையாகக் கொண்டுவர முடியாது.

வெள்ளத்தையும் மறக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் மூழ்கின. மொத்தச் சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஏலம் விட்ட வண்டி, துடைத்துத் தைத்து மறுபடி சந்தைக்கு வரும். மூழ்கியது என்று சொல்லும் கட்டம் ஆர்.சி. அட்டையில் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண்கறை பாருங்கள், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பதிவுகளை ஓனரிடம் கேளுங்கள். தேதியோடு கிலோமீட்டரும் அதில் இருப்பதால் மீட்டரைத் திருப்பியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஆறேழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டி, பட்டனைத் திருகி ஃபோர் வீல் போடும் எலெக்ட்ரானிக் வகை என்றால், அங்கீகாரச் சான்றும் பில்லும் முன் அச்சைச் சேர்த்த வாரன்டியும் தரும் கடையில் வாங்குங்கள். அந்த வகைப் பழுதைத் தெருப்பட்டறையில் கண்டுபிடிக்க முடியாது, சரிசெய்ய வரும் பில் கடைக்கும் ஓனருக்கும் உள்ள விலை வித்தியாசத்தைத் தின்றுவிடும். பத்து ஆண்டு தாண்டிய, தண்டு போட்டு ஓட்டும் ஜீப், ஜிப்ஸி, பழைய தார் என்றால் உங்கள் மலையிலேயே, தெரிந்த ஓனரிடம், உங்கள் மெக்கானிக்கோடு போய் வாங்குங்கள். அந்த வயது வண்டிக்குக் கடைக்காரரால் தர முடிந்தது பாலிஷ் மட்டுமே. சான்று இல்லாத கன்சல்டிங் கடையிலும் ஓப்பன் ஃபார்ம் புரோக்கரிடமும் எந்த வயது வண்டியும் வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதிதாக ஒன்று வாங்கும் உங்களில் பலர் முற்றத்தில் நிற்கும் பழைய ஜீப்பை விற்கவும் போகிறீர்கள். படிவம் 29-ல் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அறிக்கை கொடுங்கள். முடிந்தால் வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய், படிவம் 30-ஐயும் சேர்த்துக் கொடுத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர் மாறியதைப் பரிவாகன் தளத்தில் பார்க்கும்வரை அந்த ஜீப் உங்களுடையதுதான். அதுவரை அதன் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.